கத்தி படாத மல்லிகை

போடிநாயக்கனூர்,
1914, தை 8.

மதினிக்கு ராக்கு எழுதுவது.

வீட்டில் எல்லோரும் சுகம் என்று தொடங்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். ஆத்தாவுக்கு முழங்கால் வலி. எனக்குச் சளி. நீங்களும் அண்ணனும் இங்கே இல்லை. அதனால் அப்படித் தொடங்க முடியவில்லை.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். பிழை இருந்தால் சிரித்துவிட்டு, அண்ணனிடம் காட்டாமல் கிழித்துவிடுங்கள். நேரில் என்றால் இவ்வளவுகூடப் பேசியிருக்க மாட்டேன் என்று உங்களுக்கே தெரியும்.

கிணற்றடியில் நீங்கள் வைத்த மல்லிகையைப் பற்றித்தான் எழுதுகிறேன். கல்யாணமாகி வந்தபோது சிலமலையிலிருந்து ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்தீர்களே, அந்தச் செடி. ஆடியில் நீங்கள் மலைக்குப் போன பிறகு அதற்கு யாரும் தண்ணீர் விடவில்லை. நானும் விடவில்லை. எனக்கு உங்கள் மேல் கோபம். ஆத்தா அன்று பேசியது தப்புத்தான். "உங்கப்பன் உனக்கு எழுத்தைத்தான் விட்டுட்டுப் போனான், ஒரு குடத்தைக்கூட விட்டுட்டுப் போகல" என்று செத்தவரை இழுத்திருக்கக் கூடாது. ஆனால் நீங்கள் ஒரு பதிலும் பேசாமல் அன்றைக்கே அண்ணனைக் கூட்டிக்கொண்டு மலை ஏறிவிட்டீர்கள். நான் வாசலில்தான் நின்றேன். என்னிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பக்கத்து வீட்டு இருளம்மாள் அக்காவின் ஆடு இலையெல்லாம் தின்றுவிட்டது. இப்போது வெறும் குச்சிதான் நிற்கிறது. நேற்று ஆத்தா, "அந்தச் சனியனைப் பிடுங்கிட்டு அங்கன விறகு அடுக்கணும்" என்றாள். ஒரு குச்சியை நகத்தால் கீறிப் பார்த்தேன். உள்ளே பச்சை இருந்தது. "கொஞ்ச நாள் விடு ஆத்தா, நான் பார்த்துக்கிறேன்" என்றேன். நானாக அவளிடம் ஒன்று கேட்டது அதுதான் முதல் தடவை. ஆத்தா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அப்புறம் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

செடி வளர்க்க எனக்கு ஒன்றும் தெரியாது. என்ன செய்ய வேண்டும் என்று எழுதுங்கள். பொதிமாடு ஓட்டி வரும் சுருளி அண்ணனிடம் கொடுத்தால் கொண்டுவந்து தருவார்.

ராக்கு


குரங்கணிக்கு மேலே, ஏலத்தோட்டம்,
மாசி 3.

ஏ புள்ள ராக்கு,

உன் கடிதத்தை உன் அண்ணனிடம் காட்டினேன். "வாயைத் திறக்காத கழுதைக்குக் கையிலே இம்புட்டுப் பேச்சா!" என்று சிரித்தார். கிழிக்கவில்லை. பத்திரமாக வைத்திருக்கிறேன்.

நீ வாசலில் நின்றதைப் பார்த்தேன். நிமிர்ந்தால் அழுதுவிடுவேன் என்றுதான் குனிந்துகொண்டே வந்தேன். அதைத் தப்பென்று சொன்னால் ஒத்துக்கொள்கிறேன்.

இங்கே காலையில் எழுந்தால் எதிர்வீடு தெரியாத பனி. காலில் அட்டை. உன் அண்ணனுக்கு ஏலக்காய் உலர்த்தும் கொட்டகையில் வேலை. புகையில் கண் சிவந்து வருகிறார். பக்கத்து வீட்டு மலையாளத்துக்காரி 'எந்தா' என்று கேட்டால் நானும் 'எந்தா' என்கிறேன். அதோடு எங்கள் பேச்சு முடிந்துவிடும்.

ஒரு சங்கதி. நான் முழுகாமல் இருக்கிறேன். அத்தைக்கும் தெரியட்டும் என்று உன் அண்ணன் சுருளியிடம் சொல்லி அனுப்புகிறார். அது தெரிந்ததிலிருந்து இங்கே இவரை யாரும் விறகு வெட்ட விடுவதில்லை. அரிவாளைத் தொட்டாலே யாராவது வந்து வாங்கிக்கொள்கிறார்கள். எனக்குப் பிள்ளை, இவருக்கு ஓய்வு!

தலைப் பிரசவம் தாய் வீட்டில் என்பார்கள். எனக்குத் தாய் முகமே நினைவில் இல்லை. அப்பா போன பிறகு சிலமலை வீடு பூட்டிக் கிடக்கிறது. இங்கேயே இருக்கலாம் என்றால் வரிசை வீடுகளில் காய்ச்சல் ஓயவில்லை. வைகாசி முடிந்தால் மழை பிடித்துக்கொள்ளும். அதற்குப் பிறகு பிள்ளைத்தாச்சி இந்தப் பாதையில் இறங்க முடியாது. அத்தை 'வா' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கூப்பிடாத வீட்டுக்கு எனக்குக் கால் வராது.

செடியை ஆடு தின்னாமல் பார்த்துக்கொள். பூத்தால் எழுது. ஒரு சரம் தலையில் வைக்கிற சாக்கிலாவது இறங்கி வர்றேன்.

சந்திரவல்லி


போடி,
மாசி 27.

மதினிக்கு,

பூத்தால் வருவேன் என்று நீங்கள் விளையாட்டுக்கு எழுதியிருக்கலாம். நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

நானும் ஆத்தாவும் ஏலக்காய் பொறுக்கப் போகும் கிட்டங்கிக்கு மலையிலிருந்து ஜக்கையன் என்பவர் மூட்டையோடு வருவார். செடி என்றால் அவருக்குத் தெரியாதது இல்லை என்பார்கள். எப்படியோ தைரியம் வந்து, "ஒரு செடி பட்டுப் போகுது, எப்படிப் பிழைக்க வைக்கிறது?" என்று கேட்டேன். "வெயில் படவே கூடாது தாயி. மேலே தழைப் பந்தல் போடு. அடியிலே சருகை அள்ளிக் கொட்டு. ஈரம் காயவே விடாதே" என்றார். அப்படியே செய்தேன். தென்னங்கீற்றில் பந்தல் போட்டேன். காலையும் மாலையும் தண்ணீர். இப்போது வந்து பார்த்தால் நம்ப மாட்டீர்கள். இலை ஒவ்வொன்றும் கறுகறுவென்று உள்ளங்கை அகலத்துக்கு வந்திருக்கிறது.

இன்னொன்று. சுருளி அண்ணன் உங்கள் சங்கதியைச் சொன்ன அன்று ஆத்தா பொறுக்கி முடித்த காயையே மறுபடியும் பொறுக்கிக்கொண்டிருந்தாள். மறுநாள் நான் செடியிடம் நிற்கும்போது வந்து, "பிடுங்க வேணாம். இருந்துட்டுப் போகட்டும்" என்றாள். நான் ஜெயித்துவிட்டேன் மதினி!

மொட்டு மட்டும் இன்னும் வரவில்லை. பூக்காரி கூடையில் மல்லிகை வர ஆரம்பித்துவிட்டது. நம் செடிக்கு மட்டும் ஏன் தாமதம்?

ராக்கு


ஏலத்தோட்டம்,
பங்குனி 14.

ராக்கு,

சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்துவிட்டது. அடி போடிக்காரி, ஜக்கையன் உனக்குச் சொன்னது ஏலச் செடிக்கு! உங்கள் ஊரில் செடி என்று மொட்டையாகச் சொன்னால் வேறு எதை நினைப்பார்கள்? மல்லிகை என்று ஒரு சொல் சேர்த்துச் சொல்ல உனக்கு வாய் வரவில்லையா? மல்லிகைக்கு வெயில் படாமல் பந்தல் போட்டவள் உலகத்திலேயே நீ ஒருத்திதான்.

பந்தலைப் பிரி. சருகை வாரி வெளியே கொட்டு. மல்லிகைக்கு உச்சி வெயில் வேண்டும். கொஞ்ச நாள் தண்ணீர் விடாதே. இலை வாடும். வாடட்டும், பயப்படாதே. பிறகு அரிவாளால் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடு. வெட்டினால்தான் புதுக் கொப்பு வரும். மல்லிகை புதுக் கொப்பில்தான் பூக்கும். சிலமலையில் நாங்கள் மார்கழியில் செய்வோம். இப்போது செய்தாலும் மோசமில்லை. மழைக்கு முன்னால் மொட்டுக் கட்டிவிடும்.

சிரித்ததை எழுதினேன், சிரிக்காததையும் எழுதுகிறேன். எங்கள் வரிசையில் ஒருத்தி காய்ச்சலோடு பிள்ளை பெற்றாள். அவள் மட்டும்தான் பிழைத்தாள். அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அத்தை என்னைப் பற்றி ஏதாவது கேட்டார்களா? நல்லதோ கெட்டதோ, மறைக்காமல் எழுது.

சந்திரவல்லி


போடி,
பங்குனி 29.

மதினிக்கு,

பந்தலைப் பிரித்தேன். தண்ணீரை நிறுத்தினேன். இலை வாடியதைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இருந்தாலும் பொறுத்துக்கொண்டேன். இருளம்மாள் அக்காவிடம் அரிவாள் வாங்கிவந்து செடியிடம் குனிந்தேன். ஆத்தா முழங்கால் வலியையெல்லாம் மறந்து ஓடி வந்தாள். "கத்தி வைக்கிற சோலி வச்சுக்கிட்டே, கையை ஒடிச்சிருவேன்" என்று அரிவாளைப் பிடுங்கினாள்.

"வெட்டினாத்தான் பூக்குமாம் ஆத்தா."

"பூக்காட்டிப் போகுது. ஒரு கொப்பு கீழே விழக் கூடாது."

அவள் முகம் இருந்த இருப்பில் ஏன் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அரிவாளைத் திருப்பிக் கொடுக்கும்போது இருளம்மாள் அக்கா என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். அது ஏன் என்றும் கேட்கவில்லை.

மறைக்காமல் எழுதச் சொன்னீர்கள். மெதுவாக, "மதினியைக் கூப்பிடலாமா?" என்று கேட்டேன். "போனவளுக்கு வந்த வழி தெரியாதாக்கும்? நானா கதவைப் பூட்டி வச்சிருக்கேன்?" என்றாள். இதை எழுதலாமா என்று யோசித்தேன். நீங்கள் கேட்டதால் எழுதிவிட்டேன்.

நீங்கள் வாருங்கள் மதினி. பூவுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

ராக்கு


ஏலத்தோட்டம்,
சித்திரை 10.

ராக்கு,

இப்போது எனக்குப் புரிந்துவிட்டது. செடி இருக்கலாம், பூக்கக் கூடாது. மருமகள் இருக்கலாம், வரக் கூடாது. பிடுங்கிப் போட்டிருந்தால்கூட ஒரு நாள் கோபம் என்று நினைத்திருப்பேன். பூக்கவிடாமல் நிறுத்தி வைத்து அதைத் தினமும் பார்த்துக்கொண்டிருக்க எத்தனை வைராக்கியம் வேண்டும்!

நான் பூத்தால் வருவேன் என்று எழுதியதை நீ அவர்களிடம் சொல்லியிருப்பாய். அதனால்தான் கத்தியைப் பிடுங்கியிருக்கிறார்கள்.

உன் அண்ணன் இறங்கலாம் என்கிறார். நான் மாட்டேன் என்றுவிட்டேன். நாலாவது வீட்டுக் கருத்தம்மா பிள்ளைப்பேறு பார்ப்பாள். அவள் போதும் எனக்கு.

உன் மேல் வருத்தம் இல்லை. செடியைப் பற்றி மட்டும் இனி எழுதாதே.

சந்திரவல்லி


போடி,
வைகாசி 6.

மதினிக்கு,

நான் ஆத்தாவிடம் சொல்லவே இல்லை. குலசாமி சத்தியமாக இல்லை. நான் யாரிடம் எதைச் சொல்லியிருக்கிறேன்?

செடியைப் பற்றி எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதவில்லை. வீட்டைப் பற்றி எழுதுகிறேன். ஆத்தா உள்ளறையை மெழுகினாள். தன்னுடைய பழைய நூல் சேலைகளை வெந்நீரில் அலசிக் காயவைத்துக் கிழித்து மடிக்கிறாள். எதற்கு என்று கேட்டேன். "அடுப்படித் துணிக்கு" என்றாள். அடுப்படிக்கு இத்தனை துணி எதற்கோ. சாயங்காலம் ஆனால் பொதிமாடு வருகிற பாதையைப் பார்த்து நிற்கிறாள். சுருளி அண்ணன் வந்தால் மட்டும் உள்ளே போய்விடுகிறாள்.

மேலே இப்போதே மழை பிடித்துவிட்டது என்று சொல்கிறார்கள். வெரசா வந்துவிடுங்கள் மதினி. ஆத்தா ஏதாவது சொன்னால் இந்தத் தடவை நான் பேசுகிறேன்.

ராக்கு


போடி,
ஆனி 25.

மதினிக்கு,

என்ன எழுதுவது என்று தெரியவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

சுருளி அண்ணன் கிட்டங்கிக்கே வந்து சொன்னார். நாள் ஆகும் முன்னே வலி எடுத்ததையும், உங்களுக்குக் காய்ச்சல் இருந்ததையும், மழையில் உங்களைக் கீழே கொண்டுவர முடியாமல் போனதையும் சொன்னார். ஆண் பிள்ளை என்றார். அழுகை கேட்கவில்லை என்றார். நீங்கள் பிழைத்துக்கொண்டீர்கள் என்று கடைசியில்தான் சொன்னார். அதை அவர் முதலில் சொல்லியிருக்கலாம்.

ஆத்தா மடியிலிருந்த காயை முறத்தில் கொட்டிவிட்டு எழுந்து வீட்டுக்கு நடந்தாள். நான் பின்னால் ஓடினேன். நேராக இருளம்மாள் அக்கா வீட்டு அரிவாளை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். மல்லிகையை வெட்டினாள். நிற்காமல் வெட்டினாள். முழங்கால் உயரம்கூட வைக்கவில்லை. ஒரு சாண்தான் மிச்சம். கோபத்தில் செய்கிறாள் என்று நினைத்து அவள் கையைப் பிடித்தேன். "விடுடி. இனிமே யாருக்காகக் காக்கணும்?" என்றாள். அப்புறம் அங்கேயே, வெட்டிய கொப்புகளின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

எனக்குப் புரியவில்லை. இருளம்மாள் அக்காதான் என்னைத் தள்ளிக் கூட்டிப்போய்ச் சொன்னாள். "பிள்ளைத்தாச்சி இருக்கிற வீட்டிலே பூக்கிற செடியிலே கத்தி வைக்க மாட்டாங்கடி, கூறு கெட்டவளே. வயித்துக்கு ஆகாது. அவ மலையிலே இருந்தா என்ன, இந்த வீட்டுப் பிள்ளைதானே? அதான் உங்காத்தா அந்தச் செடிக்குக் காவல் இருந்தா" என்றாள்.

கல்யாணமாகாதவளுக்கு இதையெல்லாம் யாரும் சொல்வதில்லை. உங்களுக்குச் சொல்ல ஆள் இல்லை. நான் ஒரு தடவை ஏன் என்று கேட்டிருந்தால் அந்தக் கடிதத்தில் இதையும் எழுதியிருப்பேன். நீங்கள் இறங்கி வந்திருப்பீர்கள். கிளம்பும்போது நீங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை என்று உங்கள் மேல் கோபப்பட்டவள் நான்.

மடித்து வைத்த துணியெல்லாம் உள்ளறையில் அப்படியே இருக்கிறது. யாரும் தொடவில்லை.

ராக்கு


ஏலத்தோட்டம்,
ஆடி 20.

ராக்கு,

எழுந்து உட்கார முடிகிறது. அதனால் எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்த அன்று கருத்தம்மாவிடம் கேட்டேன். "இது தெரியாதா உனக்கு? இத்தனை மாசமும் உன் வீட்டுக்காரன் கையிலே நாங்க அரிவாள் கொடுத்தோமா?" என்றாள். ஓய்வு என்று உனக்குக் கேலியாக எழுதினேனே, நினைவிருக்கிறதா? முன்பின் தெரியாதவர்கள் எனக்காகக் காத்ததையும் நான் பார்க்கவில்லை. அத்தை காத்ததையும் பார்க்கவில்லை. அடுப்படித் துணி என்று நீ எழுதியதைப் படித்தேன். அதையும் அடுப்படித் துணி என்றே நம்பினேன். எழுதப் படிக்கத் தெரியும் என்று ஒரு காலத்தில் எனக்குப் பெருமை.

உன்னை நீ திட்டிக்கொள்ளாதே. கதவைப் பூட்டி வைக்கவில்லை என்று அத்தை சொன்னதை நீ ஒரு சொல் மாறாமல் எழுதினாய். அதைவிட வேறு எப்படி அவர்களுக்குக் கூப்பிடத் தெரியும்? படித்தவள் நான்தான்.

பூத்தால் வருவேன் என்றேன். இனி பூத்தாலும் என்னால் உடனே வர முடியாது. கொட்டகைக்குப் பின்னால் ஒரு பெரிய மரத்தடியில் அவனை வைத்திருக்கிறது. மழையில் மேடு கரைந்துகொண்டே வருகிறது. நான் போய்ப் போய் மண் அள்ளிப் போடுகிறேன். விட்டுவிட்டு இறங்கினால் இடம் தெரியாமல் போய்விடும்.

அத்தை வெட்டிய கொப்பில் உயிருள்ள குச்சி ஒன்று கிடந்தால் சுருளியிடம் கொடுத்துவிடு. அங்கே நட வேண்டும். இங்கே நிழலும் ஈரமும்தான். பூக்காது, தெரியும். பந்தல் போட்டு நீ வளர்த்தாயே, அது போல வெறும் இலையாக நிற்கும். அது போதும் எனக்கு.

சந்திரவல்லி


போடி,
ஆவணி 22.

மதினிக்கு,

செடி பூத்துவிட்டது. வெட்டிய இடமெல்லாம் துளிர்த்து, துளிரெல்லாம் மொட்டு. நீங்கள் சொன்னது சரிதான். காலையில் கிணற்றடிக்குப் போகவே எனக்குப் பிடிக்கவில்லை. வாசனை வீடு வரைக்கும் வருகிறது. ஆத்தா ஒரு பூவைக்கூடப் பறிக்கவில்லை, பறிக்க விடவும் இல்லை. அது பாட்டுக்குப் பூத்து உதிர்கிறது.

உங்கள் கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். சத்தமாக, ஒரு வரியும் விடாமல் வாசித்தேன். கேட்டுவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் வாய்க்காலின் ஓரம் குனிந்தாள். அன்று வெட்டிய குச்சிகளில் சிலவற்றை யாருக்கும் தெரியாமல் அங்கே ஊன்றி வைத்திருந்திருக்கிறாள். ஒன்று வேர் பிடித்திருக்கிறது. அதை மண்ணோடு எடுத்து ஈரத்துணியில் சுற்றினாள். உள்ளறையில் மடித்து வைத்திருந்த துணியில் ஒன்றுதான் அது.

சுருளி அண்ணனிடம் கொடுக்க நான் கை நீட்டினேன். கொடுக்கவில்லை. "அவன் மாட்டைப் பார்ப்பானா, இதைப் பார்ப்பானா? ஏறுற வழி எனக்குத் தெரியும்" என்றாள்.

அதனால் இந்தக் கடிதத்தை உங்களிடம் தருவது ஆத்தா. முழங்கால் வலிக்கும், உட்கார்ந்து உட்கார்ந்துதான் ஏறுவாள். வந்ததும் ஏதாவது ஏடாகூடமாகப் பேசினால் மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

அந்த மரத்தடிக்கு நீங்களே கூட்டிப் போங்கள் மதினி. அவளாகக் கேட்க மாட்டாள்.

ராக்கு